புது வடிவில் வந்த ஏழு சீட்டர் வண்டியைக் கடைசி வரிசையிலிருந்து பார்ப்பது எப்படி

ஏழு பேர் போகிற வண்டி ஏதாவது புது வடிவில் வந்திருக்கிறது, ஷோரூமுக்குப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், முதலில் டிரைவர் சீட்டில் ஏறாதீர்கள். நேராகப் பின்னால் போய் மூன்றாவது வரிசையில் உட்காருங்கள். அங்கே பத்து நிமிடம் உட்கார்ந்த பிறகு மற்றதையெல்லாம் பார்க்கலாம்.

நாங்கள் பெங்களூர் முருகேஷ்பாளையாவில் இருக்கிறோம். வீட்டில் வண்டி ஓட்டுவது பெரும்பாலும் நான்தான். அத்தைக்கு இரண்டு முழங்காலிலும் வலி. பையனுக்குப் பத்து வயது, சின்னவளுக்கு மூன்று. அல்சூரில் இருக்கும் என் அப்பா அம்மாவையும் ஏற்றிக்கொண்டால் ஏழு சீட்டும் நிறைந்துவிடும். தர்மபுரி பக்கம் குலதெய்வக் கோயில், சேலத்தில் யார் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து என்று ஓசூர் ரோட்டைப் பிடிக்காத மாதமே இல்லை. அதனால் சொந்தத்தில் யார் பெரிய வண்டி வாங்கப் போனாலும் என்னையும் கூட்டிக்கொண்டு போவது வழக்கமாகிவிட்டது.

அப்படிப் போகும்போதெல்லாம் ஒன்றைப் பார்க்கிறேன். வண்டியின் முகப்பு, பெரிய திரை, கூரையில் கண்ணாடி, விளக்கு ஒளிரும் விதம், இதிலேயே அரை மணி நேரம் ஓடிவிடுகிறது. கடைசி வரிசையைச் சிறுபிள்ளைகள் ஏறி விளையாடுவதற்கு விட்டுவிடுகிறார்கள். ஐந்து சீட்டு வண்டியை விட்டுவிட்டு இதற்கு லட்சக்கணக்கில் அதிகம் கொடுப்பதே அந்த வரிசைக்காகத்தான். அங்கே உட்காரப் போவது பெரும்பாலும் வீட்டில் எதிர்த்துப் பேசாத ஆள்: பாட்டியோ, கல்லூரி படிக்கும் மச்சினனோ, பிள்ளைகளோ. அவர்களுக்காக யாராவது ஒருவர் அங்கே உட்கார்ந்து பார்த்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி.

எது மாறியிருக்கிறது?

"புது மாடல்" என்ற பெயரில் இரண்டு வகை வருகிறது. ஒன்று, அடித்தளத்திலிருந்து எல்லாமே மாறியது. இன்னொன்று, உடம்பு அதேதான், முகம் மட்டும் புதியது. இரண்டும் தவறில்லை. ஆனால் நீங்கள் காசு கொடுப்பது எதற்கு என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதல் வகைக்கு நல்ல உதாரணம் இன்னோவா. 2016இல் வந்த கிரிஸ்டா, சேஸிஸ் என்ற தனி இரும்புச் சட்டத்தின் மேல் உடம்பை வைத்துக் கட்டிய வண்டி, பின் சக்கரங்கள் தள்ளும், பெரும்பாலும் டீசல். 2022 கடைசியில் அறிமுகமான ஹைகிராஸ் அதற்கு நேர் எதிர். தனி சேஸிஸ் கிடையாது, முன் சக்கரங்கள் இழுக்கும், பெட்ரோல் அல்லது பெட்ரோலோடு மின் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட், டீசலே இல்லை. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம் 2,750 மில்லிமீட்டரிலிருந்து 2,850 ஆனது. அந்தப் பத்து சென்டிமீட்டரும், சேஸிஸ் இல்லாததால் கிடைத்த தாழ்வான தரையும் பின்னால் உட்காருபவரின் முழங்காலுக்குத்தான் போகின்றன. பெயர் ஒன்றாக இருந்தாலும் பழைய இன்னோவாவில் போன அனுபவத்தை வைத்து இதை எடைபோட முடியாது. நல்லதற்கும் கெட்டதற்கும் இரண்டுக்குமே அது பொருந்தும்.

இரண்டாவது வகைக்கு 2025இல் வந்த கியா கேரன்ஸ் கிளாவிஸைச் சொல்லலாம். முகம் புதியது, உள்ளே இரட்டைத் திரை, ரேடாரும் கேமராவும் சேர்ந்து பிரேக் பிடிக்கும் வசதி எல்லாம் வந்தன. சக்கர இடைவெளி அதே 2,780 மில்லிமீட்டர். அப்படியென்றால் மூன்றாவது வரிசையில் இடம் பழைய கேரன்ஸில் இருந்த அளவுதான் இருக்கும் என்று வீட்டிலிருந்தே ஊகித்துவிடலாம்.

ஆகவே போவதற்கு முன் பழைய மாடலின் பிரவுச்சர், புது மாடலின் பிரவுச்சர் இரண்டையும் போனில் இறக்கி, நீளம், சக்கர இடைவெளி, காலி வண்டியின் எடை, இன்ஜின் ஆகிய நான்கை மட்டும் ஒப்பிடுங்கள். சக்கர இடைவெளியும் இன்ஜினும் மாறவில்லை என்றால் முகம்தான் மாறியிருக்கிறது. அப்போது பழைய மாடலை ஓட்டுபவர்கள் சொல்லும் குறை நிறை எல்லாம் புதியதற்கும் பெரும்பாலும் பொருந்தும். அக்கம்பக்கத்தில் யாரிடமாவது அந்த வண்டி இருந்தால் ஷோரூமுக்குப் போவதற்கு முன் அவர்களிடம் பேசிவிடுங்கள்.

கடைசி வரிசையில் உட்காரும் முறை

வெறுமனே ஏறி உட்கார்ந்து "பரவாயில்லையே" என்று இறங்கினால் ஒன்றும் தெரியாது. முதலில் முன் சீட்டை உங்கள் வீட்டில் உயரமானவர் ஓட்டும் நிலைக்குத் தள்ளுங்கள். அதற்குப் பின்னால் இரண்டாவது வரிசையில் ஒருவரை உட்கார வையுங்கள், அவர் கால் நீட்டி வசதியாக உட்காரும்படி. அதன் பிறகுதான் மூன்றாவது வரிசைக்கு மிச்சம் என்ன என்று தெரியும். ஷோரூமில் நிற்கும் வண்டியில் முன் சீட்டுகளை நன்றாக முன்னுக்குத் தள்ளி வைத்திருப்பார்கள். பார்த்ததும் கடல் மாதிரி இடம் தெரியும்.

உட்கார்ந்ததும் தொடையைக் கவனியுங்கள். கால் வைக்கும் தரைக்கும் சீட்டுக்கும் உயர வித்தியாசம் குறைவாக இருந்தால் முழங்கால் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், தொடை சீட்டில் படாது. அப்படி உட்கார்ந்து கிருஷ்ணகிரி வரை போகலாம், சேலம் போக முடியாது. இடுப்பு போய்விடும். முழங்காலுக்கு முன்னால் எவ்வளவு இடம் என்று எல்லோரும் விரலால் அளக்கிறார்கள். அதைவிடத் தொடை சீட்டில் படுகிறதா என்பதுதான் நீண்ட பயணத்தில் பேசும்.

அடுத்தது தலை. தலைசாய்வை மேலே இழுத்துப் பாருங்கள், உங்கள் காது உயரத்துக்காவது வருகிறதா? வராமல் கழுத்தோடு நின்றால் அந்த சீட் பெரியவர்களுக்கு ஆனதில்லை. திரும்பிப் பார்த்து, தலைக்கும் பின் கண்ணாடிக்கும் எவ்வளவு தூரம் என்றும் பாருங்கள். பின்னாலிருந்து யாராவது மோதினால் நசுங்குவதற்கு இருக்கும் இடம் அவ்வளவுதான்.

சீட் பெல்ட்டைக் கையில் எடுத்து மாட்டுங்கள். தோளுக்கு மேலிருந்து வரும் பெல்ட்தானா, இடுப்புக்கு மட்டுமா? இரண்டாவது வரிசையின் நடு சீட்டிலும் இதைப் பாருங்கள். சில வண்டிகளில் அங்கே மட்டும் இடுப்புப் பட்டை கொடுத்துக் கணக்கை முடித்திருப்பார்கள். மாட்டும் கொக்கி சீட் இடுக்கில் புதைந்திருந்தால், அதை யாரும் தோண்டி எடுத்து மாட்டப் போவதில்லை. பின்னால் உட்காருபவரும் பெல்ட் போட வேண்டும் என்பது சட்டம், அபராதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பரில் பால்கர் அருகே நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தபோது அவர் பின் சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தார் என்பது நாடெங்கும் பேசப்பட்டது. அதற்குப் பிறகும் நம் வீடுகளில் பின் சீட் பெல்ட் என்றால் மூச்சு முட்டுகிறது என்கிறார்கள். நான் எல்லோரும் போடும் வரை வண்டியை எடுப்பதில்லை.

இப்போது ஜன்னல் பக்கத் தூண்களைப் பாருங்கள். கடைசி வரிசை ஜன்னலுக்கு மேலேயோ பக்கத்துத் தூணிலோ பிளாஸ்டிக்கில் சின்னதாக எஸ்ஆர்எஸ் ஏர்பேக் என்று அச்சு இருக்கிறதா? பக்கவாட்டில் திரை போல விரியும் ஏர்பேக் இரண்டாவது வரிசையோடு நிற்கிறதா, மூன்றாவது வரிசையையும் மூடுகிறதா என்பதை "ஆறு ஏர்பேக் மேடம்" என்ற பதில் சொல்லாது. பிரவுச்சரில் ஏர்பேக் படம் இருந்தால் அதில் திரை எங்கே முடிகிறது என்று விரல் வைத்துக் கேளுங்கள். சேல்ஸ் பையனுக்குத் தெரியாவிட்டால் எழுத்தில் கேட்டு வாங்கித் தரச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

ஏசி பற்றி இரண்டு வரி போதும். கூரையில் பின்வரிசைக்குக் காற்றுத் துளை இருப்பது வேறு, அதற்குத் தனி ஃபேன் வேகம் இருப்பது வேறு. மதியம் வெயிலில் நின்ற வண்டியில் உட்கார்ந்து பாருங்கள்.

ஏறி இறங்குவது

இதை வயதானவர்களை நேரில் கூட்டிப்போய்த்தான் பார்க்க வேண்டும். "அத்தை, நீங்கள் ஏறிப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு நான் உதவாமல் தள்ளி நிற்பேன். சேலை கட்டியவர் ஏறும்போது கவனித்தால் நிறையத் தெரியும். வலது கால் உள்ளே போகிறது. இடது கையால் கொசுவத்தைத் தூக்கிப் பிடிக்கிறார். வலது கை எதையாவது பிடிக்கத் தேடுகிறது. அந்த இடத்தில் கதவுத் தூணில் கைப்பிடி இருந்தால் ஏறிவிடுகிறார். மேலே கூரையில் மட்டும் இருந்தால் எட்டாது. கைப்பிடி இல்லாவிட்டால் முன் சீட்டின் தலைசாய்வைப் பிடித்து இழுக்கிறார், அது அசைகிறது, பயந்து இறங்கிவிடுகிறார். எவ்வளவு பெரிய திரை வைத்திருந்தாலும் அத்தைக்கு அந்த வண்டி அங்கேயே முடிந்தது.

பக்கவாட்டில் தள்ளும் கதவு இருக்கிற வண்டி நம் ஊரில் குறைவு. மாருதி ஈகோவில் இருக்கிறது, அதற்கப்புறம் நேராகக் கார்னிவல், வெல்ஃபயர் என்று எட்டாத விலைக்குப் போய்விடுகிறது. அபார்ட்மென்ட் பேஸ்மென்டில் இரண்டு தூணுக்கு நடுவே வண்டியை நிறுத்துபவர்களுக்கு அந்தக் கதவின் அருமை தெரியும். நடுத்தர விலையில் அதை யாராவது கொண்டுவந்தால் நான் முதல் ஆளாக நிற்பேன். அது வரை, உங்கள் பார்க்கிங்கின் அகலத்தை டேப் வைத்து அளந்துகொண்டு போங்கள். கதவு முழுதாகத் திறக்க எவ்வளவு வேண்டும் என்று ஷோரூமிலேயே அளந்துவிடலாம்.

குழந்தை சீட் இருந்தால்

இந்த விஷயத்தை யாரும் சொல்லித்தருவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மூன்றாவது வரிசைக்குப் போக, பெரும்பாலான வண்டிகளில் இரண்டாவது வரிசை சீட்டை மடித்துக் கவிழ்க்க வேண்டும். பட்டன் அழுத்தினால் தானாகக் கவிழும் என்று பெருமையாகக் காட்டுவார்கள். அந்த சீட்டில் குழந்தை சீட் மாட்டியிருந்தால் அது கவிழாது. குழந்தை சீட்டை வண்டியோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பெரும்பாலும் இரண்டாவது வரிசையின் இரண்டு ஓரங்களில்தான் இருக்கின்றன. ஆக, நடைபாதை பக்கமான இடது ஓரத்தில் குழந்தை சீட்டை மாட்டினால், பின்னால் போகிறவர்கள் எல்லோரும் வண்டிகள் சீறிப்போகும் வலது பக்கம்தான் ஏற வேண்டும். வலது ஓரத்தில் மாட்டினால், குழந்தையை வைத்து பெல்ட் போட நீங்கள் ரோட்டுப் பக்கம் நிற்க வேண்டும். ஓல்ட் ஏர்போர்ட் ரோட்டில் பஸ் உரசிக்கொண்டு போகும்போது அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு வழி, இரண்டாவது வரிசையில் தனித்தனியாக இரண்டு சீட், நடுவில் நடந்துபோகும் இடைவெளி உள்ள வண்டி. கேப்டன் சீட் என்பார்கள். சொகுசுக்காக என்று விற்கிறார்கள்; குழந்தை சீட் உள்ள வீட்டுக்கு அது அவசியத் தேவை. குழந்தை சீட் இடது பக்கம் நிரந்தரமாக இருக்கும், பையன் நடுவில் புகுந்து பின்னால் போய்விடுவான். ஒரு எச்சரிக்கை: சில வண்டிகளில் கேப்டன் சீட் எடுத்தால் இருக்கை ஆறாகக் குறையும். நாங்கள் ஏழு பேர், அதனால் எங்களுக்கு இரண்டாவது வரிசையில் இரண்டு, மூன்றாவதில் மூன்று என்ற அமைப்பு இருந்தால்தான் சரிப்படும். மூன்றாவதில் மூன்று பேர் என்றால் அந்த நடு சீட்டின் அகலத்தை மறுபடி உட்கார்ந்து பாருங்கள்.

உங்கள் குழந்தை சீட்டை ஷோரூமுக்கே எடுத்துப் போங்கள். மாட்டிப் பாருங்கள். மேல் பட்டையைக் கட்ட சீட்டின் முதுகில் கொக்கி இருக்கிறதா, அதைக் கட்டினால் பின்னால் உட்காருபவரின் முழங்காலில் இடிக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். பதினான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் கூட்டிப்போனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவில் 1,000 ரூபாய் அபராதம். அபராதத்துக்காக இல்லை, மடியில் வைத்த குழந்தையை மோதல் நேரத்தில் எந்தக் கையாலும் பிடித்து வைக்க முடியாது.

நட்சத்திரத்தை எப்படிப் படிப்பது

வண்டியை மோதவிட்டுப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கும் நம் நாட்டு பாரத் என்கேப் சோதனை 2023 அக்டோபர் 1 முதல் நடக்கிறது. பெரியவர்களுக்கு 32 மதிப்பெண், குழந்தைகளுக்கு 49. முன்பக்கம் 64 கிலோமீட்டர் வேகத்தில் ஓரமாக மோதவைப்பார்கள், பக்கவாட்டில் 50 கிலோமீட்டர் வேகத்தில் தள்ளுவண்டி மோதும், கம்பத்தில் பக்கவாட்டாக 29 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவதும் உண்டு. மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் வாங்க வண்டி சறுக்காமல் காக்கும் இஎஸ்சி கட்டாயம். இன்னோவா ஹைகிராஸ் 2025இல் இதில் 30.47, 45 என்று வாங்கி ஐந்து நட்சத்திரம் பெற்றது.

நட்சத்திரத்தைப் பார்த்தால் கூடவே வருடத்தையும் பாருங்கள். எர்டிகாவுக்கு குளோபல் என்கேப் என்ற வெளிநாட்டு அமைப்பு 2019இல் மூன்று நட்சத்திரம் கொடுத்தது, 2024இல் ஒன்று. நடுவில் 2022இல் சோதனை விதிகள் கடுமையாகிவிட்டன. 2025இல் அந்த வண்டியின் எல்லா வேரியண்ட்டுக்கும் ஆறு ஏர்பேக் வந்துவிட்டது. சோதனையில் மோதியதோ இரண்டு ஏர்பேக் வண்டி. ஆக, எந்த வருடம், எந்த விதி, எத்தனை ஏர்பேக் உள்ள வண்டி என்ற மூன்றும் தெரியாமல் நட்சத்திரத்தை மட்டும் வைத்துச் சண்டை போடுவதில் பொருளில்லை. ஏர்பேக் எண்ணிக்கையும் அப்படித்தான். கேரன்ஸில் ஆரம்பத்திலிருந்தே ஆறு ஏர்பேக். 2022இல் குளோபல் என்கேப்பில் அது வாங்கியது மூன்று நட்சத்திரம், காரணம் உடம்புக்கூடு உறுதியாக இல்லை என்று அறிக்கை சொன்னது. கூடு நசுங்கினால் பலூன் மட்டும் என்ன செய்யும்?

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப்படுவது வேறு. இந்த மோதல் சோதனைகளில் முன்னால் இரண்டு பெரியவர் பொம்மை, இரண்டாவது வரிசையில் ஒன்றரை வயது, மூன்று வயதுக் குழந்தை பொம்மை. மூன்றாவது வரிசையில் யாருமே கிடையாது. பின்னாலிருந்து மோதும் சோதனையும் கிடையாது. ஐந்து நட்சத்திரம் என்பது கடைசி வரிசையைப் பற்றி நேரடியாக எதுவும் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஐஐஎச்எஸ் என்ற அமைப்பு தன் சோதனையில் டிரைவருக்குப் பின்னால் சின்ன உருவப் பொம்மை ஒன்றை வைக்க ஆரம்பித்தது. 2023இல் அங்கே விற்கும் ஒடிஸி, சியன்னா, பசிஃபிகா, கார்னிவல் என்ற நான்கு குடும்ப வண்டிகளையும் அப்படி மோதிப் பார்த்தபோது, ஒன்றுகூட நல்ல தரம் என்ற பெயரை வாங்கவில்லை. குடும்பத்துக்கென்றே செய்த வண்டிகள் அவை. அதிலும் அது இரண்டாவது வரிசைதான்.

அதனால்தான் பெல்ட், தலைசாய்வு, திரை ஏர்பேக் என்று கடைசி வரிசையில் கையால் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். இன்னொன்றும் கேளுங்கள்: மோதிய நொடியில் பெல்ட்டை இறுக்கும் பிரிடென்ஷனரும், நெஞ்சில் அழுத்தம் ஏறாமல் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் லோட் லிமிட்டரும் பின் வரிசை பெல்ட்டிலும் உண்டா? முன் சீட்டில் பெரும்பாலான வண்டிகளில் இருக்கிறது. பின்னால் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. புது வடிவ வண்டி பழைய மாடலின் நட்சத்திரத்தைக் காட்டி விற்கப்பட்டால் ஏற்காதீர்கள். சோதித்த வண்டியில் க்யூஆர் கோடு உள்ள பாரத் என்கேப் ஸ்டிக்கர் இருக்கும், ஸ்கேன் செய்தால் மாடலும் தேதியும் வரும்.

எந்த வேரியண்ட்

என் முறை எளிது. பாதுகாப்பில் எது எல்லா வேரியண்ட்டிலும் இருக்கிறது, எது மேலே போனால்தான் வருகிறது என்று முதலில் பிரியுங்கள். இஎஸ்சி, ஆறு ஏர்பேக், எல்லா சீட்டுக்கும் தோளையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனை பெல்ட், ஐசோஃபிக்ஸ் இவை கீழேயே இருந்தால் நல்ல வண்டி. அதற்கப்புறம் உங்களுக்கு வேண்டியது பின்பக்கக் கேமரா, பின் கண்ணாடி வைப்பர், டயர் காற்று எச்சரிக்கை, பின்வரிசை ஏசி. இவை நான்கும் எந்த வேரியண்ட்டில் சேர்ந்து கிடைக்கின்றனவோ அங்கே நில்லுங்கள். பெரும்பாலும் அது நடு வேரியண்ட்டாக இருக்கும். கூரைக் கண்ணாடிக்காக அடுத்த படி ஏறாதீர்கள். ஏழு சீட்டரில் அது தலை இடத்தைக் கொஞ்சம் தின்னும், பெங்களூர் வெயிலிலேயே மூடித்தான் வைப்போம்.

ரேடார், கேமரா வைத்துத் தானாக பிரேக் பிடிக்கும் வசதி பெரும்பாலும் மேல் வேரியண்ட்டில்தான் வருகிறது. ஹைவேயில் அதிகம் போகிறவர்களுக்கு நான் அதை வாங்கச் சொல்வேன். கிருஷ்ணகிரி தாண்டி இரவில் விளக்கில்லாத டிராக்டர் முன்னால் வரும்போது மனிதக் கண்ணுக்கு முன் அது பார்த்துவிட வாய்ப்பு உண்டு. சில்க் போர்டு நெரிசலில் பைக்குகள் குறுக்கே பாயும்போது அடிக்கடி எச்சரிக்கும், லேன் கோடு அழிந்த ரோட்டில் ஸ்டியரிங்கை இழுக்கும். அந்தப் பகுதியை மட்டும் எப்படி அணைப்பது என்று டெஸ்ட் டிரைவிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கேமரா முன் கண்ணாடியில் இருப்பதால் கண்ணாடி உடைந்து மாற்றினால் அதை மறுபடி சரிசெய்ய வேண்டும், அந்தச் செலவு இன்ஷூரன்ஸில் வருமா என்றும் கேளுங்கள்.

விலையில் பெங்களூர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது வாழ்நாள் வரி. கர்நாடகாவில் பத்து லட்சத்திலிருந்து இருபது லட்சம் வரை 17 சதவீதம், இருபதைத் தாண்டினால் 18, அந்த வரியின் மேல் செஸ் தனி. பத்தொன்பதே முக்கால் லட்ச வேரியண்ட்டிலிருந்து இருபதேகால் லட்ச வேரியண்ட்டுக்கு ஏறினால், விலை வித்தியாசத்தோடு இந்த ஒரு சதவீதமே இருபதாயிரம் ரூபாய் கூடுதலாக வாங்கும். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியும் இரண்டாகப் பிரிந்தது: நான்கு மீட்டருக்குள், சின்ன இன்ஜின் என்றால் 18 சதவீதம், மற்ற பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு 40. ரெனோ டிரைபர் நான்கு மீட்டருக்குள் வருகிறது, எர்டிகா வராது. ஆனால் டிரைபரில் ஏழு பேரும் உட்கார்ந்தால் டிக்கியில் 84 லிட்டர்தான் மிச்சம். எர்டிகாவில் 209, ஹைகிராஸில் 300. ஊருக்குப் போகும்போது கொண்டுபோகும் பெட்டிகளை நிஜமாகவே எடுத்துப்போய் வைத்துப் பாருங்கள். திரும்பி வரும்போது அரிசி மூட்டையும் தேங்காயும் சேரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். சிஎன்ஜி வேரியண்ட் என்றால் சிலிண்டரே டிக்கியை எடுத்துக்கொள்ளும்.

ஓட்டிப் பார்ப்பது

சேல்ஸ் பையனையும் சேர்த்து மூன்று பேர் ஏறி, நேர் ரோட்டில் ஒரு சுற்று சுற்றி வந்தால் ஏழு சீட்டரைப் பற்றி எதுவும் தெரியாது. வீட்டு ஆட்கள் எல்லோரையும் ஏற்றித் தரச் சொல்லி முன்கூட்டியே போனில் பேசிவிடுங்கள். பேஸ்மென்ட் சரிவில் பாதியில் நிறுத்தி மறுபடி எடுங்கள். நிறைந்த வண்டியில் ஹம்ப் மேல் மெதுவாக ஏறுங்கள், அடி தட்டுகிறதா? கடைசி வரிசையில் இருப்பவர் தூக்கி எறியப்படுகிறாரா? அவரிடமே கேளுங்கள், நீங்கள் முன்னால் இருந்து சொல்லாதீர்கள். முன் சக்கரம் இழுக்கும் வண்டியில் பின்னால் ஆட்கள் நிறைந்தால் முன் சக்கரத்தின் பிடி குறையும். செங்குத்தான ஈர ரோட்டில் ஏறுகிறவர்களுக்கு இது முக்கியம். ஹைபிரிட் வண்டிக்கு நம் டிராஃபிக் சரியான இடம், மெதுவாக ஊரும்போது மோட்டாரே இழுத்துவிடும், பிரேக் பிடிக்கும் சக்தி பேட்டரிக்குத் திரும்பும்.

சேலம் போகிறவர்கள் தொப்பூர் கணவாயை நினைத்து ஒன்று கேட்க வேண்டும்: ஆட்டோமேட்டிக் என்றால் இறக்கத்தில் இன்ஜினே வண்டியைப் பிடித்து வைக்க என்ன வழி இருக்கிறது? கியரைக் கையால் குறைக்க முடியுமா? ஏழு பேரும் லக்கேஜும் ஏறிய வண்டியை பிரேக்கை மட்டும் நம்பி அங்கே இறக்கக் கூடாது. முன்னும் பின்னும் லாரிகள் இருக்கும் இடம் அது.

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், டயர் காற்று அளவு. அதில் இரண்டு கணக்கு இருக்கும்: ஓரிரு பேர் போகும்போது ஒன்று, வண்டி நிறைந்தால் ஒன்று. பின் டயருக்கு நிறைந்த கணக்கு கூடுதலாக இருக்கும். அதைப் போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொண்டு, ஊருக்குக் கிளம்பும் முந்தின நாள் பங்கில் அதன்படி நிரப்புங்கள். பதிவுச் சான்றில் உள்ள மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழித்தால் எவ்வளவு ஏற்றலாம் என்று வரும். ஏழு பேருக்குத் தலைக்கு 65 கிலோ என்றாலே 455 கிலோ. மிச்சம்தான் பெட்டிகளுக்கு. மேலே கேரியர் போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பணம் முழுதும் கட்டுவதற்கு முன்

புக்கிங் செய்த வண்டி யார்டுக்கு வந்ததும், பதிவுக்கு அனுப்புவதற்கு முன் போய்ப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் போங்கள். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஸ்டெப்னி உட்பட ஐந்தையும் பாருங்கள். புது வடிவம் அறிமுகமான மாதத்துக்கு வெகு முன்னால் செய்த டயர் இருந்தால் காரணம் கேளுங்கள். எல்லா வரிசையிலும் பெல்ட்டை இழுத்து விடுங்கள், தானாகச் சுருட்டிக்கொள்ள வேண்டும். மூன்றாவது வரிசை ஏசி, சார்ஜிங் பாயிண்ட், கவிழும் சீட்டின் பட்டன் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். ஆன்ரோடு விலைத்தாளில் ஹேண்ட்லிங் சார்ஜ் என்று இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். இன்ஷூரன்ஸை வெளியில் எடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. இரண்டு இடத்தில் விலை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். தரைப்பாய், கதவு பீடிங் என்று ஆக்சஸரீஸ் கட்டாக ஏற்றியிருந்தால் வேண்டாததை அடித்துவிட்டு, புதுத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அதற்கப்புறம் பணத்தை அனுப்புங்கள்.